வயலின் பூச்சி வேண்டுமென்றால் முதலில் ஈ வளருங்கள்

வயலின் வாத்தியம் மாதிரி உருவம் கொண்ட வயலின் கும்பிடுபூச்சி வளர்ப்பு பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி, சூடு ஏற்றுவதைப் பற்றியே பேசும். எந்த பல்பு, எத்தனை வாட், எவ்வளவு தள்ளி வைப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது, அது அவர்கள் பாடு. காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் இருப்பவர்கள் அதையெல்லாம் புரட்டிவிட்டுப் போகலாம். இந்தப் பூச்சிக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் சொந்த நிலம். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். இன்றைய அறிவியல் பெயர் கோங்கிலஸ் கோங்கிலோடெஸ். அதற்கு வேண்டிய வெயிலும் வறட்சியும் நமக்குக் காசில்லாமல் கிடைக்கிறது.

அப்புறம் ஏன் செத்துப்போகிறது? தீனி, தோலுரிப்பு, எறும்பு, கொசுவத்தி. இந்த நாலுக்குள் அடங்கிவிடும். இதில் முக்கால்வாசி வேலை தீனிதான். பூச்சிக் கூண்டுக்கு முன்னால் ஈப் பண்ணையைப் போட்டு, அது ஒரு மாதம் தடையில்லாமல் ஓடுவதைப் பார்த்த பிறகு பூச்சியைக் கொண்டுவருவதுதான் சரியான வரிசை.

காரணம் இருக்கிறது. வேலியிலும் எலுமிச்சைச் செடியிலும் உட்கார்ந்திருக்கும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி வெட்டுக்கிளி, கரப்பான், புழு என்று எது கிடைத்தாலும் பிடிக்கும். வயலின் பூச்சி அப்படியில்லை. குச்சி போன்ற மெல்லிய நீண்ட மார்பு, கால்களில் காய்ந்த இலை மாதிரி மடல்கள், நுனி கூம்பிய தலை, இவற்றோடு காற்றில் ஆடும் சருகாக நின்று, பறந்து வருவதை மட்டும் பிடிக்கும் பிறவி அது. தரையில் ஊர்வதைத் திரும்பியே பார்க்காது. சிள்வண்டை இடுக்கியில் பிடித்து வாய்க்குக் கொடுத்தால் சில பூச்சிகள் தின்னும். ஆனால் அதையே வழக்கமாக்கினால் கறுப்பாக வாந்தியெடுத்துச் சாவது அதிகம். ஈயும் அந்துப்பூச்சியும்தான் இதற்குச் சோறு.

இன்னொரு வித்தியாசம், இதை நாலைந்தாகச் சேர்த்து வளர்க்கலாம். பச்சைக் கும்பிடுபூச்சியின் குஞ்சுகளை ஒன்றாக விட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். இவை வயிறு நிறைந்திருக்கும்வரை ஒன்றையொன்று தொடாது. ஒரே வயதுக் குஞ்சுகளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு உரிப்பு வித்தியாசம் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

தாய்ப்பூச்சி மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிடைக்கும். வெள்வேல், கிளுவை வேலி, ஆவாரஞ்செடி, காய்ந்த புதர் இருக்கும் இடத்தில் ஆணிகுத்தின மாதிரி பார்வையை ஒரே புதரில் வைத்துத் தேட வேண்டும்; நடந்துகொண்டே பார்த்தால் கண்ணில் படாது. ஆண்பூச்சி இரவில் விளக்குக்கு வரும். தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சத்தியமங்கலம், ஆனைமலை போன்ற காப்பகத்துக்குள்ளும் காப்புக்காட்டிலும் எதையும் எடுக்கவே கூடாது. வெளிநாட்டு இனங்களைத் தபாலில் வரவழைக்கும் ஆசை பலருக்கு உண்டு. உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்ய முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வந்த முட்டைக்கூட்டை வாங்குவது, நம் வயலுக்கே ஆபத்தான காரியம். நம்மூர்ப் பூச்சியே போதுமான அழகு.

கூண்டுக்குக் கண்ணாடித் தொட்டி வேண்டாம். காற்றோட்டம் இல்லாமல் இது வாழாது. நைலான் கொசுவலைதான் சரி. திருப்பூர் கட்பீஸ் கடைகளில் எடைக்கு வலைத்துணி கிடைக்கிறது, ஜிப்பும் அங்கேயே வாங்கலாம். 45 செ.மீ. நீளம், 45 அகலம், 60 உயரத்தில் பிவிசி குழாயில் சட்டம் கட்டி உறை மாதிரி தைத்து மாட்டினால் எட்டு பத்து பெரிய பூச்சிகள் இருக்கும். குஞ்சுகளுக்கு இதில் பாதி அளவு போதும், வலைக்கண் மட்டும் பழ ஈ வெளியேறாத அளவு நெருக்கமாக இருக்க வேண்டும். இரும்பு வலையோ அலுமினிய வலையோ கூடாது. கால் நுனி அதில் சிக்கிச் சிக்கி முதலில் கறுக்கும், பிறகு உதிரும். நுனி போன கால் கூரையைப் பிடிக்காது, பிடிக்காத பூச்சி உரிக்கும்போது விழும். உள்ளே இலையில்லாத மெல்லிய முள்ளற்ற குச்சிகள் நாலைந்தை மேலிருந்து சாய்வாகக் கட்டுங்கள். குச்சியை நெருக்கமாக அடைத்து அழகு பார்க்க வேண்டாம், ஈ பறக்க இடம் வேண்டும்.

பகலில் 30 முதல் 35 டிகிரி, இரவில் 22, 23-க்கு இறங்கினால் நல்லது. மாசியிலிருந்து வைகாசி வரை நிழலான திண்ணையிலேயே இது கிடைத்துவிடும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள். சித்திரை மதியத்தில் அந்த இடம் 42-ஐத் தாண்டும். சூட்டை நம்பி ஏமாறும் இடம் இது ஒன்றுதான். ஐப்பசி மழையிலும் மார்கழியிலும் நிலைமை தலைகீழ். 25-க்குக் கீழே போனால் ஈ மூக்குக்கு முன்னால் பறந்தாலும் கை நீட்டாது. அப்போது ஒரு 40 வாட் குண்டு பல்பைக் கூண்டுக்கு வெளியே, கூரையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பகலில் எட்டு மணி நேரம் எரியவிடுங்கள். வலை பிளாஸ்டிக், பல்பு தொட்டால் உருகும்.

ஆடிக்காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் ஆனி, ஆடியில் நாளெல்லாம் வீசும். காற்றாலைக்கு அது நல்லது, கூண்டுக்கு இல்லை. வலைக்கூண்டு வழியாக நேராக அடிக்கும் காற்றில், உரித்துக்கொண்டிருக்கும் தோல் பாதியிலேயே காய்ந்து பூச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேற்குப் பக்கத்தை ஒரு கனமான துணியால் மூடுங்கள். மின்விசிறிக்கும் இதே கணக்கு.

வறண்ட காட்டுப் பூச்சி என்பதற்காகத் தண்ணீரே வேண்டாம் என்றில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வலையின் ஒரு பக்கத்தில் புகை மாதிரித் தெளித்தால் துளியை நக்கிக் குடிக்கும். வெயில் உச்சத்தில் தினமும் தெளிக்கலாம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிட வேண்டும். மாலையில் தெளித்து இரவெல்லாம் ஈரமாக விடுவது, இந்தப் பூச்சியைக் கொல்ல நல்ல வழி. போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உப்புத்தண்ணி தெளிப்பான் மூக்கை அடைத்து, வலையெல்லாம் வெள்ளை பூக்கும். மழைத்தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ எடுங்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது, பூச்சிக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்.

இனி ஈ. வயதுக்குத் தகுந்த மாதிரி மூன்று தீனி ஓட வேண்டும்.

முதல் இரண்டு உரிப்பு வரை பழ ஈ. அரை லிட்டர் பாட்டிலில், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு, நாட்டுச்சர்க்கரை இரண்டு டீஸ்பூன், ஒரு சிட்டிகை ஈஸ்ட், கெட்டிப்பட வறுத்த ரவை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கசக்கிய காகிதத்தை மேலே செருகி, முப்பது நாற்பது ஈயை விட்டு, நெருக்கமான துணியால் வாயைக் கட்டுங்கள். பத்து நாள் வாக்கில் புது ஈ வரும். பத்து நாளுக்கு ஒரு புது பாட்டில் தொடங்கினால் தட்டுப்பாடு வராது. ஆனால் சித்திரையில் பாட்டில் நிறைய ஈ இருந்தும் புழுவே வைக்காமல் போகும். 30 டிகிரிக்கு மேல் போனால் ஆண் பழ ஈ மலடாகிவிடுவதுதான் காரணம். ஈஸ்டை மாற்றியும் பழத்தை மாற்றியும் பயனில்லை. பாட்டிலை மண்பானைக்குள் வைத்து, பானையைச் சுற்றி ஈரச்சாக்கு போட்டு, வீட்டில் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

மூன்றாவது உரிப்பிலிருந்து வீட்டு ஈ. கோதுமைத் தவிடு அரைக் கிலோ, பால் பவுடர் 30 கிராம், ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், தண்ணீர் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. புட்டு மாவைவிடக் கொஞ்சம் ஈரமாக, கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் பதம். இதைப் பழைய போசியில் ஆறு, ஏழு செ.மீ. உயரம் பரப்பி ஈக்கூண்டுக்குள் ஒரு நாள் வைத்தால் முட்டை விழுந்துவிடும். எடுத்துத் துணியால் கட்டிவிடுங்கள். நம் சூட்டில் ஐந்தாறு நாளில் புழு முற்றி, காய்ந்த மேல்பகுதிக்கு ஏறிச் செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாக மாறும். மொத்தத்தையும் தண்ணீரில் கொட்டினால் கூட்டுப்புழு மிதக்கும். அள்ளி நிழலில் உலர்த்துங்கள். நாலைந்து நாளில் ஈ வரும். உடனே வேண்டாமென்றால் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு வாரம் நிறுத்தி வைக்கலாம். மூடியில் துளையிட்ட சிறு டப்பாவில் கூட்டுப்புழுவைப் போட்டுப் பூச்சிக் கூண்டுக்குள் வைத்துவிட்டால் ஈ தானாகப் பறந்து வரும், தினமும் பிடித்து விடும் வேலை மிச்சம்.

ஒன்றை மறக்காதீர்கள். கூட்டிலிருந்து அப்போது வந்த ஈயின் வயிறு காலி, சத்தும் குறைவு. டப்பாவுக்குப் பக்கத்தில் சர்க்கரையும் பால் பவுடரும் கலந்து ஒரு மூடியில் வையுங்கள், கொஞ்சம் தேன் நனைத்த பஞ்சும் வைக்கலாம். ஒரு நாள் தின்ற ஈ, பட்டினி ஈயைவிட எவ்வளவோ மேல். ஈப் போசியை வீட்டுக்குள் வைத்தால் ஒறம்பரை (விருந்தாளிகள்) வரமாட்டார்கள். கட்டுத்தரைப் பக்கம் நிழலில் வைத்துவிடுங்கள்.

பல்லடம், நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணையில் மலிந்து கிடக்கும் ஈயைப் பிடித்துவந்து போடலாமே என்று தோன்றும். வேண்டாம். பண்ணையில் ஈக்கு மருந்து அடித்திருப்பார்கள், அரை உயிரோடு பறக்கும் ஈயைத் தின்ற பூச்சி மறுநாள் கால் வெட்டி வெட்டி இழுத்துச் சாகும். கோழி எருவை வாங்கி ஈ வளர்க்கவும் முடியாமல் போகலாம். புழுவைத் தடுக்கும் மருந்தைத் தீவனத்திலேயே கலக்கும் பண்ணைகளில் அது எருவோடு வந்து புழுவை வளரவிடாது. கறிக்கடை ஈயும் மருந்தடித்த பருத்திக்காட்டுப் பூச்சியும் இதே கணக்கு. தேன்பெட்டிக்காரரின் தேனீயைப் பிடித்துப் போடுவது பூச்சிக்குப் பிடிக்கும், ஊர்ப் பகைக்கும் வழி.

வளர்ந்த பூச்சிக்கு அரிசி அந்துப்பூச்சிதான் (கார்சிரா) என் தேர்வு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள நமக்கு இது பெரிய வசதி. பயிர்ப் புழுக்களின் முட்டையை அழிக்கும் சிறு குளவியான டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி உற்பத்திக்காக இந்த அந்தைக் கம்பில் வளர்க்கும் முறை இங்கே பழகிப்போன தொழில். ஒரு பேசினுக்கு உடைத்த கம்பு இரண்டரைக் கிலோ, நிலக்கடலைப் பருப்புத் தூள் 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், நனையும் கந்தகத் தூள் 5 கிராம், அந்து முட்டை அரை சி.சி. என்பது அவர்கள் கணக்கு. பத்துப் பூச்சிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு தாராளம். கம்பைச் சூடேற வறுத்து ஆறவிட்ட பிறகு கலக்குங்கள், இல்லாவிட்டால் கம்போடு வந்த வண்டு முந்திக்கொள்ளும். கந்தகம் செள் என்ற சிறு உண்ணியைத் தடுக்க. துணி கட்டி வைத்தால் 40 நாள் வாக்கில் அந்து பறக்க ஆரம்பித்து, விட்டுவிட்டுப் பல வாரம் வந்துகொண்டிருக்கும்.

முட்டை வாங்கும்போது கவனம். வயலில் கட்டும் ஒட்டுண்ணி அட்டையை வாங்கினால் அதிலிருந்து அந்து வராது. அட்டையில் ஒட்டும் முட்டையின் கருவைப் புறஊதா ஒளியில் கொன்றுவிட்டுத்தான் ஒட்டுண்ணியை ஏற்றுவார்கள். "ஒளி காட்டாத பச்சை முட்டை" என்று கேட்டு வாங்குங்கள். தென்னையில் கருந்தலைப்புழுவுக்கு விடும் பிராக்கான் குளவி, அந்துப் புழுவையும் குத்தும். பேசினுக்குள் ஒன்று நுழைந்தால் அந்தப் பேசின் முடிந்தது. கம்பின் மேல் சுருண்டு செயலற்றுக் கிடக்கும் புழுவும் சிறு வெள்ளைக் கூடும் தெரிந்தால் முழுதாக வெளியே கொட்டி வெயிலில் போடுங்கள். அந்தின் செதில்தூள் மூச்சுக்கு ஆகாது, பேசினைத் திறக்கும்போது முகக்கவசம் கட்டுங்கள்.

எவ்வளவு போடுவது என்று கேட்டால், வயிறு சப்பையாகத் தெரியாத அளவு. பாதி வளர்ந்த பத்துப் பூச்சிக்கு நாளுக்கு முப்பது ஈ என்று தொடங்கி, மாலையில் மிச்சம் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

தோலுரிப்புக்கு முன் இரண்டு மூன்று நாள் தின்னாது, கூரையில் தலைகீழாகத் தொங்கி அசையாமல் இருக்கும். கடைசி உரிப்பு என்றால் முதுகில் இறக்கை மொட்டு நன்றாக உப்பும். இப்போது அதற்குக் கீழே அதன் உடல் நீளத்தில் இரண்டு மடங்கு காலியிடம் வேண்டும். மார்பின் மேல்புறம் பிளந்து, முதலில் தலையும் மார்பும், பிறகு கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கடைசியில் வயிற்று நுனி மட்டும் பழைய தோலில் மாட்டியிருக்க, முழு உடம்பும் அந்த நுனியில் தொங்கும். கால்கள் அந்த நேரம் வெறும் நூல், கெட்டிப்படவில்லை. இங்கேதான் தட்டினாலும், கூண்டை நகர்த்தினாலும், ஓர் ஈ மோதினாலும் விழும். விழுந்தால் வளைந்த மார்போடு கெட்டிப்பட்டுவிடும், வேட்டையாடாது. அதனால் உரிக்கப்போகும் பூச்சி தெரிந்தால் அந்தக் கூண்டில் அன்றைக்கு ஈயைக் குறைத்துவிடுங்கள். உரித்த பிறகு ஒரு நாள், கடைசி உரிப்புக்குப் பிறகு இரண்டு நாள் பட்டினி போடலாம்.

தோல் கால்களில் சிக்கிக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் தோலை மட்டும் நனைத்துவிடுங்கள், இழுக்காதீர்கள். பெரும்பாலும் பிழைக்காது. ஒரு கால் போனால் பரவாயில்லை, அடுத்தடுத்த உரிப்பில் சிறிதாக முளைத்து வளரும். கடைசி உரிப்புக்குப் பிறகு போனால் போனதுதான்.

ஆணா பெண்ணா என்பதை வயிற்றின் அடிப்புறக் கண்டங்களை எண்ணிச் சொல்லலாம், ஆணுக்கு எட்டு தெரியும், பெண்ணுக்கு ஆறு. வளர்ந்த ஆணுக்கு உணர்கொம்பு இருபுறமும் பல் வைத்த சீப்பாக இருக்கும், பெண்ணுக்கு வெறும் நூல், தூரத்திலிருந்தே தெரியும். ஆண் முந்தி வளர்ந்துவிடும், சீக்கிரமே முடிந்தும்விடும். ஒரே கூட்டில் பொரித்தவற்றை மட்டும் வைத்திருப்பவருக்கு இதுதான் தலைவலி. பெண் தயாராகும்போது ஆண் இருக்காது. ஆண் குஞ்சுகளைத் தனிக் கூண்டில் சற்றுக் குளிர்ந்த இடத்தில், ஈயைக் குறைத்துப் போட்டு மெதுவாக வளருங்கள். பெண்களுக்குச் சூடும் தீனியும் தாராளம்.

கடைசி உரிப்பு முடிந்து ஆணுக்கு இரண்டு வாரம், பெண்ணுக்கு மூன்றிலிருந்து ஐந்து வாரம் ஆக வேண்டும். தயாரான பெண் மாலையில் வயிற்று நுனியைக் கீழே வளைத்துத் தொங்கும். அந்தச் சமயம் ஆணைப் பெரிய கூண்டில் விடுங்கள், 32 டிகிரிக்குக் குறையக் கூடாது, கூண்டில் ஈ நிறையப் பறக்க வேண்டும். இந்த இனத்தில் பெண் ஆணைத் தின்பது குறைவு, ஆனாலும் பசித்த பெண்ணை நம்ப முடியாது. இணைந்தால் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும், தொடாதீர்கள். பிரிந்த பிறகு பெண்ணின் வயிற்று நுனியில் வெள்ளையாக ஒரு சிறு உருண்டை ஒட்டியிருந்தால் காரியம் முடிந்தது. இணையாத பெண்ணும் முட்டைக்கூடு வைக்கும், அது பொரிக்காது.

ஓரிரு வாரத்தில் முதல் கூட்டை மெல்லிய குச்சியில் நுரையாக வைத்து, அது பழுப்பாகக் கெட்டியாகும். அடுத்தடுத்துப் பல கூடுகள் வைக்கும். வைத்த குச்சியை வெட்டி, வைத்த திசை மாறாமல், தனி வலையில் தொங்கவிட்டு வாரம் இருமுறை லேசாக நனையுங்கள். 30 டிகிரியில் ஐந்திலிருந்து ஏழு வாரம். ஒரு கூட்டில் முப்பது நாற்பது குஞ்சு எதிர்பார்க்கலாம். பொரிக்கும் நாளில் கையில் பழ ஈ இல்லையென்றால் இவ்வளவு பாடும் வீண்.

காட்டிலிருந்து எடுத்த கூடு என்றால் நெருக்கமான மஸ்லின் துணிக்குள் தனியாக வையுங்கள். பொடாக்ரியான் என்ற சிறு குளவி முட்டைக்கூட்டுக்குள் முட்டையிடும். கூட்டின் பக்கவாட்டில் குண்டூசி குத்தினது போன்ற வட்ட ஓட்டைகள் தெரிந்தால் குளவி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. அது உங்கள் மற்ற கூடுகளுக்குப் போய்விட்டால் அந்தத் தலைமுறையே போய்விடும்.

எறும்புக்குக் கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, கொசுப் புழு வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எறும்புச் சாக்கட்டியால் கோடு போடுவது, கொசுவத்தி, செருகி வைக்கும் திரவ மருந்து, கொசு விரட்டும் ஊதுவத்தி எல்லாமே பூச்சிக்கொல்லிகள். அவை எரியும் அறையில் கும்பிடுபூச்சி நிற்காது, பக்கத்து அறையும் ஆகாது. விளக்குக்கு வரும் பல்லி குஞ்சுக்கு ஆபத்து, அதனால் இரவில் விளக்கடியில் கூண்டு வேண்டாம்.

மூன்றாம் தலைமுறைக்குள் வேறு இடத்து ஆண் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், ஒரே கூட்டுப் பிள்ளைகளையே இணைத்துக்கொண்டிருந்தால் பொரிப்பு குறையும். மிஞ்சிய குஞ்சுகளைத் தாயை எடுத்த அதே கொறங்காட்டில், மழைக்குப் பிறகு ஈ பறக்கும் நாளில், ஒரு புதருக்கு இரண்டு மூன்று என்று விடலாம். வெளியூரிலிருந்து வாங்கியது, நோய் கண்ட கூண்டில் வளர்ந்தது எதையும் விடக் கூடாது.